"என்ன செய்யணும்னு கேட்டா, உங்களுக்கு என்ன தோணுதுன்னு கேட்கிறார்"

கேள்வி: எனக்கு 43 வயது. திண்டுக்கல் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. மாமியார் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். காலையில் அவருக்கு எல்லாம் செய்து முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கு ஓடுகிறேன். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். சில மாதமாகத் தூக்கம் சரியில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போதே கண்ணீர் வந்துவிடுகிறது. தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை, கவுன்சலிங் போங்கள் என்றார் டாக்டர்.

முதலில் பார்த்த கவுன்சலர் ஒரு தாளைக் கொடுத்து, மனதில் வரும் எண்ணங்களைத் தினமும் கட்டம் கட்டமாக எழுதிவரச் சொன்னார். எனக்கு உட்காரவே நேரம் கிடைக்கவில்லை. எழுதாமல் போய் நின்றால் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி கூச்சமாக இருந்தது, நின்றுவிட்டேன். இப்போது போகும் மேடம் அன்பானவர், பேசப் பேசக் கேட்கிறார். ஆனால் "நான் என்ன செய்யணும் மேடம்?" என்றால் "உங்களுக்கு என்ன தோணுது?" என்கிறார். அது தெரியாமல்தானே அவரிடம் போகிறேன்? ஆறு முறை போயாயிற்று. அழுதுவிட்டு வருகிறேன், அன்று ராத்திரி தூங்குகிறேன், மறுநாள் பழையபடிதான். ஒவ்வொரு முறையும் 1,000 ரூபாய். "பேசறதுக்கு எதுக்குக் காசு, என்கிட்ட பேசு" என்கிறார் கணவர். தன்னுடையது கிளையன்ட் சென்டர்டு முறை என்று மேடம் சொன்னார். அப்படியென்றால் வழியே சொல்ல மாட்டார்களா? ஆளை மாற்றலாமா? இதை அவரிடமே கேட்டால் மனம் நோகுமே? கணவரைக் கூட்டிப்போகலாமா?

இன்னொன்று. அத்தை சீக்கிரம் போய்ச்சேர்ந்தால் தேவலை என்று ஒருநாள் தோன்றிவிட்டது. இதை மேடத்திடம்கூட நான் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

கடைசியாக எழுதியதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். படுக்கையில் கிடப்பவரை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்பவர்களிடமிருந்து இந்த எண்ணத்தை ஒரு கவுன்சலராக நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். மகள்கள் சொல்லியிருக்கிறார்கள், மருமகள்கள் சொல்லியிருக்கிறார்கள், அம்மாவைக் கண்ணாகப் பார்த்துக்கொள்ளும் மகன்களும் சொல்லியிருக்கிறார்கள். களைப்பு ஒரு அளவைத் தாண்டும்போது மனம் இதற்கு ஒரு முடிவு வராதா என்று தேடும். அவர் படும் வேதனையைப் பார்க்க முடியாமலும் தேடும். அந்த எண்ணம் வந்ததால் நீங்கள் அவருக்குக் கெடுதல் நினைப்பவர் ஆகிவிடவில்லை. தினமும் காலையில் அவருக்கு எல்லாம் செய்துவிட்டுத்தான் கிளம்புகிறீர்கள் என்பது அதே கடிதத்தில் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆறு முறை அந்த அறையில் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள், இதைச் சொல்லவில்லை. முகம் தெரியாத எனக்கு எழுத முடிந்திருக்கிறது. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: உடனே ஆளை மாற்ற வேண்டாம், அதே சமயம் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வரவும் வேண்டாம். எனக்கு எழுதியதை அவரிடம் சொல்லுங்கள். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் கிளையன்ட் சென்டர்டு, அதாவது வருபவரை மையமாக வைக்கும் அந்த முறையைப் பற்றி. கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940களில் உருவாக்கியது இது. அதற்கு முன் 1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் போல, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான ஒரு மையத்தில் வேலை பார்த்தார். அங்கே நடந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். அடங்காத பையன் ஒருவனின் அம்மா அவரிடம் வந்துகொண்டிருந்தார். சிறு வயதில் மகனை ஒதுக்கியதுதான் காரணம் என்பது ரோஜர்ஸின் கணிப்பு. அதை அந்த அம்மாவுக்குப் புரியவைக்க வாரக்கணக்கில் பொறுமையாக முயன்றார், ஒன்றும் நகரவில்லை. சரி, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார், அவரும் ஒத்துக்கொண்டார். கதவு வரை போனவர் திரும்பி நின்று, "இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை தருவீர்களா?" என்று கேட்டார். தருவோம் என்றதும் திரும்பி வந்து உட்கார்ந்து தன் கல்யாண வாழ்க்கையின் துயரத்தைக் கொட்டத் தொடங்கினார். அதுவரை பேசியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான சிகிச்சை அப்போதுதான் ஆரம்பித்தது, அம்மாவும் தேறினார், பையனும் தேறினான். எங்கே வலிக்கிறது, எதைத் தொட வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வருகிறவருக்குத்தான் தெரியும் என்று தனக்கு உறைத்த இடங்களில் ஒன்றாக ரோஜர்ஸ் அதைச் சொல்கிறார்.

மகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கதவு வரைப் பயணமும், எனக்கு நீங்கள் "இன்னொன்று" என்று தொடங்கி எழுதிய பத்தியும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன.

1957இல் எழுதிய ஒரு கட்டுரையில், மனம் மாறுவதற்குத் தேவையான நிலைமைகள் என்று ஆறைச் சொன்னார் ரோஜர்ஸ். சிகிச்சை தருபவர் பூச்சு இல்லாமல் தானாக இருக்க வேண்டும், வந்தவரை நல்லவர் கெட்டவர் என்று தரம் பிரிக்காமல் ஏற்க வேண்டும், அவர் இருக்கும் இடத்தில் நின்று அவர் படுவதை உணர வேண்டும். இந்த மூன்றும் எல்லாப் பாடப் புத்தகத்திலும் வரும். ஆறாவதாக அவர் சொன்னதைப் பலரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏற்றுக்கொள்கிறார், புரிந்துகொள்கிறார் என்பது வந்தவருக்குக் கொஞ்சமாவது போய்ச் சேர வேண்டும். உங்கள் மேடம் மனதார உங்களை ஏற்றிருக்கலாம். ஆனால் அத்தையைப் பற்றிய எண்ணத்தைச் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று நீங்கள் பயப்படுகிறவரை, அந்த ஏற்பு இன்னும் உங்களுக்கு வந்து சேரவில்லை. இது உங்கள் குற்றமும் இல்லை, அவர் குற்றமும் இல்லை. இனி நடக்க வேண்டிய வேலை அது.

சரி, வழி சொல்லவே மாட்டார்களா என்கிறீர்கள். உங்கள் கேள்வியையே ஏறக்குறைய அப்படியே ரோஜர்ஸிடம் கேட்ட ஒரு பெண் இருக்கிறார். பயிற்சிக்காக 1964இல் படமெடுத்த உரையாடல் அது. விவாகரத்தான ஒரு தாய், தனக்கு ஆண் நண்பர்கள் இருப்பதைத் தன் ஒன்பது வயது மகளிடம் சொல்வதா மறைப்பதா என்று தவிக்கிறார். நேரான பதில் வேண்டும் என்று விடாமல் கேட்கிறார். உங்களுக்காக நான் பதில் சொல்லிவிட முடியாத அளவுக்கு அந்தரங்கமான விஷயம் இது, ஆனால் நீங்களே உங்கள் பதிலை நோக்கிப் போக என்னால் ஆன எல்லாவற்றையும் செய்வேன் என்கிறார் ரோஜர்ஸ். அவர் மறுத்ததில் நியாயம் இருக்கிறது. மகளிடம் என்ன சொல்வது என்பதில் வேறொருவர் முடிவெடுத்தால், அதன் விளைவோடு வாழப்போகிறவர் அந்தத் தாய்தான்.

ஆனால் எல்லாக் கேள்வியும் அந்த வகை இல்லையே. இங்கேதான் உங்கள் பக்கம் நான் நிற்கிறேன்.

சொன்னதையே திருப்பிச் சொல்வதும், எது கேட்டாலும் "உங்களுக்கு என்ன தோணுது" என்பதும்தான் கிளையன்ட் சென்டர்டு என்று ஒரு தவறான புரிதல் நம் பயிற்சி வகுப்புகளிலேயே உண்டு. ரோஜர்ஸ் உயிரோடு இருக்கும்போதே இந்தக் கேலிச்சித்திரம் வந்துவிட்டது. அதைப் பார்த்து அதிர்ந்துபோய், பரிவோடு கேட்பது பற்றிச் சில வருடம் பேசுவதையே குறைத்துக்கொண்டதாக 1975இல் அவரே எழுதினார். வருபவரை மையமாக வைப்பது என்றால், வருபவருக்கு இப்போது தகவல் தேவை என்றால் தகவல் தருவதும் அதில் அடக்கம்தான்.

நம் நாட்டில் இதை வெகு முன்பே யோசித்தவர் ஜஸ்வந்த் சிங் நேகி. மனநல மருத்துவர், பஞ்சாபிக் கவிஞரும்கூட. குரு சீடர் உறவை மனநல சிகிச்சைக்கு ஒரு மாதிரியாகக் கொள்ளலாமா என்று 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். இங்கே வருகிறவர் ஒரு வழிகாட்டியை எதிர்பார்த்து வருகிறார், தள்ளி நின்று பேசும் மேற்கத்திய பாணி அவருக்குப் பொருந்தாமல் போகலாம் என்பது அவர் கவலை. குருவாகிவிட வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. குருவிடம் போய் "நீங்கள் சொன்னது எனக்குச் சரிப்படவில்லை" என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் வழி கேட்பது உங்கள் பலவீனம் இல்லை, நீங்கள் வளர்ந்த விதத்தில் அது இயல்பு, அதை மதித்துத்தான் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதில் நேகியோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தால் இரண்டு பாரம் தெரிகிறது. ஒன்று, அந்த எண்ணமும், அதன் குற்ற உணர்ச்சியும், மகள் இல்லாத வீடும், கணவரிடம் சொல்லாமல் வைத்திருப்பதும். இதற்கு யாரும் மருந்துச்சீட்டு மாதிரி வழி எழுதித் தர முடியாது. பேசி, கேட்கப்பட்டு, மெல்ல இளக வேண்டியது. மேடத்தின் முறை இதற்குப் பொருத்தமானது.

இன்னொன்று, காலை நாலரைக்கோ ஐந்துக்கோ தொடங்கும் உடல் உழைப்பு. அத்தையைப் புரட்டிப் படுக்கவைப்பது, துணி மாற்றுவது, பகலில் அவருடன் யார் இருப்பது, ஞாயிற்றுக்கிழமை யார் பொறுப்பு. இதில் "உங்களுக்கு என்ன தோணுது" என்று கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். இங்கே தகவல் வேண்டும், திட்டம் வேண்டும். உதாரணமாக, தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் ஆதரவு சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? உங்கள் கணவருக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால், மாதத்தில் சில நாளாவது அவர்கள் வந்து பார்த்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறீர்களா? ஒரு கவுன்சலர் இதையெல்லாம் உங்களோடு உட்கார்ந்து பேசலாம், பேச வேண்டும். குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக வில்லியம் மில்லரும் ஸ்டீஃபன் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த பேச்சு முறையில் இதற்கு அழகான ஒரு வழி உண்டு. உங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று முதலில் கேட்பார்கள், நான் ஒன்று சொல்லலாமா என்று அனுமதி கேட்டுச் சொல்வார்கள், இது உங்கள் நிலைமைக்கு எப்படிப் படுகிறது என்று மறுபடி கேட்பார்கள். அறிவுரையைத் திணிக்காமல் தகவலைத் தரும் வழி அது. ரோஜர்ஸின் வழி வந்ததுதான்.

முதல் கவுன்சலருக்கு வருகிறேன். அவர் கொடுத்த தாளைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணங்களை எழுதிப் பார்க்கும் சிபிடி (அறிவாற்றல் நடத்தை சிகிச்சை) முறை மனச்சோர்வுக்கு நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மனச்சோர்வு உள்ள 510 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு சிபிடியும் மற்றவர்களுக்கு ரோஜர்ஸ் வழி வந்த ஆலோசனையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒரு வருடத்தில் சிபிடி பக்கம் சற்றுக் கூடுதல் பலன் தெரிந்தது. ஆகவே கட்டம் போட்ட தாள் தப்பில்லை. மாமியாரைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கும் போகும் பெண்ணால் அதை எப்போது நிரப்ப முடியும் என்று யாரும் கேட்காததுதான் தப்பு. அதையே அறையில் அவரோடு உட்கார்ந்து சேர்ந்து நிரப்பியிருக்கலாம். பஸ்ஸில் போகும்போது போனில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யச் சொல்லியிருக்கலாம். வாரத்துக்கு ஒரே ஒரு எண்ணம் போதும் என்றிருக்கலாம். தையல்காரர் அளவெடுக்காமல் வெட்டிய துணி அது. துணி நல்ல துணிதான்.

எட்வர்டு போர்டின் என்பவர் 1979இல் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். சிகிச்சை தருபவருக்கும் வருபவருக்கும் இடையே மூன்று இசைவு வேண்டும்: எதை நோக்கிப் போகிறோம், அதற்காக என்ன செய்யப்போகிறோம், ஒருவரை ஒருவர் நம்புகிறோமா. முதல் கவுன்சலரோடு செய்யும் வேலையில் இசைவு இல்லை. இந்த மேடத்தோடு நம்பிக்கை வளர்ந்திருக்கிறது, ஆனால் எதை நோக்கி என்பதை இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை என்று தோன்றுகிறது. அழுதுவிட்டு வந்த அன்று தூக்கம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். அந்த அறையில் ஏதோ உங்களுக்கு உதவுகிறது. அது ஒரு ராத்திரியைத் தாண்டி நிற்க வேறு என்ன சேர்க்கலாம் என்பதுதான் கேள்வி.

அதற்கு உங்கள் விருப்பம் உங்களுக்கே தெளிவாக இருப்பது நல்லது. மிக் கூப்பர், ஜான் நார்கிராஸ் என்ற இருவர் வருபவரின் விருப்பத்தைக் கேட்டறிய ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறார்கள். அதன் சாரம் நான்கு விஷயம்தான், படிக்கும்போதே உங்களைக் கேட்டுப் பாருங்கள். பேச்சை அவர் நடத்த வேண்டுமா, நீங்கள் நடத்த வேண்டுமா? அழுகை, கோபம் எல்லாம் வெளியே வரும்படி ஆழமாகப் போக வேண்டுமா, நிதானமாக இருக்க வேண்டுமா? பழையதைப் பேச வேண்டுமா, இன்றைக்கு நடப்பதையா? ஆறுதலாக இருக்க வேண்டுமா, இடித்துக் காட்டவும் வேண்டுமா? உங்கள் பதில் மாதத்துக்கு மாதம் மாறும், மாறலாம். முதல் மாதத்தில் அழ இடம் வேண்டியிருந்தவருக்கு மூன்றாவது மாதத்தில் கொஞ்சம் இடித்துச் சொல்ல ஆள் வேண்டியிருக்கும். நல்ல கவுன்சலர் அந்த மாற்றத்தோடு சேர்ந்து மாறுவார். ஆனால் நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

மனம் நோகுமே என்கிறீர்கள். நம் ஊரில் டாக்டரிடம், வாத்தியாரிடம், பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இது நம் ஊரில் மட்டும் இல்லை. கனடாவில் டேவிட் ரென்னி என்ற ஆய்வாளர், செஷன் முடிந்த கையோடு அதன் ஒலிப்பதிவை வந்தவர்களுக்கே போட்டுக்காட்டி, இந்த இடத்தில் உங்கள் மனதில் என்ன ஓடியது என்று கேட்டார். 1994இல் அதை வெளியிட்டார். தெரபிஸ்ட் சொன்னது பிடிக்காதபோதும் தலையாட்டியிருக்கிறார்கள், அவர் மனம் கோணக்கூடாது என்று சிரித்திருக்கிறார்கள், குறையை விழுங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மேத்யூ பிளான்சர்டும் பேரி ஃபார்பரும் சிகிச்சைக்குப் போகும் 547 பேரிடம் கேட்டபோது, தெரபிஸ்டிடம் ஏதாவது ஒரு விஷயத்தில் பொய் சொன்னதாக 93 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். நான் எவ்வளவு மோசமாக உணர்கிறேன் என்பதைக் குறைத்துச் சொன்னேன் என்பது அதில் மிகவும் சாதாரணமான பொய். சிகிச்சை பலன் தருவதாகப் பாவனை செய்தவர்களும் உண்டு. "எப்படி இருக்கீங்க?" என்று மேடம் கேட்டால் "பரவாயில்லை மேடம்" என்றுதானே சொல்கிறீர்கள்?

நான் இந்தப் பக்கம் உட்காருகிறவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். ஒருவர் வந்து, "போன தடவை நீங்க கேட்டது எனக்குப் பிடிக்கல" என்று சொல்லும் நாள் எங்களுக்கு நல்ல நாள். நம்பிக்கை இல்லாமல் யாரும் அதைச் சொல்வதில்லை. சொல்லாமல் வராமல் போகிறவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை, ஏனென்றால் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாது.

அடுத்த முறை போனதும், மற்ற பேச்சு தொடங்குவதற்கு முன்பே, இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மேடம், இன்னைக்கு முதல்ல நம்ம கவுன்சலிங்கைப் பத்தியே பேசணும். உங்ககிட்ட பேசினா எனக்கு லேசாகுது, அன்னைக்கு தூங்குறேன். ஆனா என்ன செய்யணும்னு கேட்டா நீங்க என்கிட்டயே திருப்பிக் கேக்குறது எனக்குத் தவிப்பா இருக்கு. சில விஷயத்துல எனக்கு நேரடியா யோசனை வேணும். அப்புறம், இதுவரைக்கும் நான் சொல்லாத ஒண்ணு இருக்கு, சொல்ல பயமா இருக்கு." வாய் வரவில்லை என்றால் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். எனக்கு எழுதிய கடிதத்தின் நகலையே கொடுத்தாலும் சரி. அந்தச் சொல்லாத ஒன்றை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பயமாக இருக்கிறது என்று சொன்னாலே கதவு திறக்கும்.

அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நன்றி சொல்லி, எந்த விஷயத்தில் யோசனை வேண்டும் என்று கேட்டு, இருவருமாக ஒரு இலக்கை வைத்தால் (இரண்டு மாதத்துக்குள் வாரத்தில் ஐந்து ராத்திரி தூங்குவது மாதிரி கண்ணுக்குத் தெரியும் இலக்கு) நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். ஒவ்வொரு செஷன் முடிவிலும், இன்று நான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்களா, நான் பேச நினைத்ததைப் பேசினோமா, பேசிய விதம் ஒத்துவந்ததா என்று மூன்று நான்கு கோட்டில் குறிக்கும் சின்னத் தாள்களும் இருக்கின்றன. ஒரு நிமிட வேலை, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். கேட்டுப் பாருங்கள். மாறாக, அவர் முகம் சுருங்கி, "என் முறை இதுதான், ஒத்துழைக்காதது நீங்கள்தான்" என்றால், அல்லது சரி சரி என்றுவிட்டு அடுத்த இரண்டு மூன்று முறையும் எதுவும் மாறவில்லை என்றால், நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைப் பாருங்கள். அதில் துரோகம் ஒன்றும் இல்லை. புதியவரிடம் முதல் நாளே, தாள் எழுத நேரமில்லை, வெறும் கேட்பது மட்டும் போதவில்லை, இரண்டும் கலந்து வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முன்பு பார்த்த இருவரால் உங்களுக்குக் கிடைத்த தெளிவு அது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

வளைந்துகொடுப்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். கையைத் திரும்பத் திரும்பக் கழுவும் ஓசிடி போன்ற பிரச்சினைக்கு, வருபவருக்குப் பிடிக்காவிட்டாலும் பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சிதான் சிறந்தது. அதீத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோய்க்குப் பேச்சு மட்டும் போதாது, மருந்து வேண்டும். உங்கள் விஷயத்திலும், மாதக்கணக்காகத் தூக்கமின்மை, வகுப்பில் தானாக வரும் கண்ணீர் என்பதெல்லாம் மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். பிஎச்க்யூ 9 என்று ஒன்பது கேள்வி கொண்ட ஒரு சோதனை உண்டு. அதைச் செய்தீர்களா என்று மேடத்திடம் கேளுங்கள். மதிப்பெண் அதிகமாக இருந்தால் ஒருமுறை மனநல மருத்துவரையும் பாருங்கள். மாத்திரை தேவைப்பட்டால் எடுத்துக்கொண்டே கவுன்சலிங்கும் தொடரலாம். அந்த ஒன்பதாவது கேள்வியை இங்கேயே உங்களிடம் கேட்டுவிடுகிறேன்: அத்தையைப் பற்றி வந்த எண்ணம் போல, நான் இல்லாமல் போனால் தேவலை என்று உங்களைப் பற்றியே தோன்றுகிறதா? எப்போதாவது தோன்றினால் அடுத்த செஷன் வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கணவரைக் கூட்டிப்போகலாமா? தாராளமாக. கவுன்சலிங் என்றால் தனியாக, மூடிய அறையில்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். வேலூர் சிஎம்சி மனநல மையத்திலும் குடும்பத்தார் கூடவே தங்குவது நெடுநாள் வழக்கம். நம் ஊர்ச் சிகிச்சைக்கு இது புதிதில்லை. "என்கிட்ட பேசு" என்று உங்கள் கணவர் சொன்னதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. தன்னிடம் சொல்லாமல் வெளியாளிடம் சொல்கிறாளே என்ற வருத்தம் அதில் இருக்கலாம். அத்தை அவருடைய அம்மா, அவருக்குள்ளும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் உங்கள் தனி செஷனுக்குள் திடீரென்று அவரைக் கொண்டுவந்துவிட வேண்டாம். எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று மேடத்தோடு முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, ஒரு முறை மட்டும் இருவருமாகப் போங்கள். அத்தையைப் பற்றிய எண்ணம் அவர் காதுக்குப் போகக்கூடாது என்றால் அதை மேடத்திடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் அவர் அதை எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. அன்றைக்குப் பேச வேண்டியது வீட்டு வேலைப் பங்கீடு ஒன்றுதான். காலையில் அத்தைக்குச் செய்ய வேண்டியதில் அவர் எதை எடுத்துக்கொள்வார், அவர் உடன்பிறந்தவர்களிடம் யார் பேசுவது, உங்களுக்கு வாரத்தில் எந்த அரை நாள் சொந்தமாக இருக்கும். மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பேச்சு சண்டையாகாமல் முடிய வாய்ப்பு அதிகம்.

பணத்தைப் பற்றி: வாரா வாரம் போக வேண்டும் என்பதும் பேசி மாற்றக்கூடியதுதான். நிலைமை கொஞ்சம் தேறியதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம், கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்றும் கேட்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருத்துவரைப் பார்ப்பதும் மருந்தும் இலவசம். கூட்டம் இருக்கும், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச முடியாது. ஆனால் மாத்திரை தேவையா என்ற ஒரு கேள்விக்குப் பதில் வாங்க அது போதும். பேசுவதற்கு மேடம் இருக்கிறார்.